‘மனசே சரியில்லக்கா’: டெல்டா கர்ப்பிணிகளிடம் யாரும் கேட்காத கேள்வி

செவ்வாய்க்கிழமை காலையில் காவிரி டெல்டாவின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். திண்ணையிலும் மரத்தடியிலும் கர்ப்பிணிகள், பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ, கையில் தாய் சேய் நல அட்டை. எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், விரலில் குத்தி ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அடுத்து வரவேண்டிய தேதி. ஒவ்வொன்றையும் எழுத அட்டையில் ஒரு கட்டம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான அரசின் கணினிப் பதிவான பிக்மியிலும் அது ஏறிவிடும்.

மன்னார்குடிப் பக்கம் அப்படி ஒரு நிலையத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் மாதக்காரி ஒருத்தி வந்தாள், இரண்டாவது பிள்ளை. “என்னம்மா பண்ணுது?” என்றதற்கு, “தலைவலிதான்க்கா, வேற ஒண்ணுமில்ல” என்றாள். கிராம சுகாதார செவிலியர் அவளிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரிடம் திரும்பி, “அம்மா, நீங்க போயி மாத்திரைய வாங்கிட்டு வந்துடுங்க, கூட்டம் ஏறிடும்” என்றார். மாமியார் வரிசைக்குப் போனதும் ஸ்டூலைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, “ராத்திரி தூங்குறியா?” என்றார். அவ்வளவுதான். “தூக்கமே புடிக்கலக்கா. மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. புதன்கிழமை ராத்திரின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.”

அது என்ன புதன்கிழமைக் கணக்கு? வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வருவார்.

இந்தப் படபடப்பை எழுத அட்டையில் கட்டம் கிடையாது. அந்தச் செவிலியர் தன் சொந்த நோட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். என்ன அது என்று கேட்டேன். “இந்தப் பொண்ண நடுவுல ஒரு தடவ வீட்ல போயிப் பாக்கணும், அதுக்குத்தான்” என்றார்.

டெல்டாவில் எந்தப் பெண்ணும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டாள். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பாள். ‘மனசே சரியில்ல’, ‘எதுலயும் பிடிப்பு இல்ல’, ‘கைகால் ஓயுது’, ‘சோறு இறங்கல’, ‘சும்மாவே அழுகை வருது’. இதில் பாதி, கர்ப்பத்திலேயே வரக்கூடிய உடல் உபாதை. ‘மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்வதும் முழுப் பொய்யில்லை. சிக்கலே அதுதான். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கைகால் ஓய்வது ரத்தம் குறைந்ததாலும் இருக்கலாம், தைராய்டாலும் இருக்கலாம், மனச்சோர்வாலும் இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். மாத்திரையைக் கொடுத்துவிட்டு மனசை விட்டுவிடுவதும் தப்பு, மனசு என்று முடிவு கட்டிவிட்டு ரத்தம் பார்க்காமல் அனுப்புவதும் தப்பு. பிரித்துச் சொல்ல உதவுவது நாள் கணக்கு. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், ‘நான் இருந்து என்ன’ என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால் அதை மசக்கைக் கணக்கில் எழுதக்கூடாது.

எத்தனை பேருக்கு இப்படி? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்ப காலத்தில் 15.6 சதவீதம் பேருக்கும் பிரசவத்துக்குப் பிறகு 19.8 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-ல் வந்த கணக்கில், பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. நமக்குக் கிட்டத்திலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2002-ல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். சதவீதத்தை விட, யாருக்கு வந்தது என்ற பட்டியல்தான் நான் மறக்காதது. வருமானம் குறைந்தவர்கள், பையனை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றோரோடோ ஒத்துப்போகாதவர்கள், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டில் கெட்டது ஏதாவது நடந்தவர்கள், கைவேலைக்கு ஒத்தாசைக்கு ஆளில்லாதவர்கள். இந்தப் பட்டியலில் உடம்புக் கோளாறு என்று ஒன்றுகூட இல்லை. டெல்டாவில் கூலி வேலைக்காரர் குடியிருக்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதில் இரண்டு மூன்றாவது பொருந்துகிற வீடு தட்டுப்படும்.

இதோடு காவிரியின் காலக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாசியில் நாள் தள்ளிப்போனவளை எடுத்துக்கொள்வோம். பங்குனி, சித்திரை வெயிலில் வாந்தி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், தண்ணீர் கடைமடை வரை வந்து சேர்ந்தால், நடவு வேலை கிடைக்கும். ஆவணிக்குள் ஏழாம் மாதம். சேற்றில் இடுப்பை வளைத்து நாற்று நட முடியாத நாளில்தான் சம்பா நடவு சூடுபிடிக்கும், கூலியும் கையில் புழங்கும். அவள் வீட்டில் இருக்கிறாள், வருமானம் நின்றுவிட்டது. பிரசவம் ஐப்பசியில். அடைமழை, கூரை ஒழுகும், விறகு நனைந்து கிடக்கும், ஆம்பளைக்கும் வேலை இருக்காது. தை அறுவடை வரை கையில் காசு கிடையாது. அறுவடைக்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது, நடவும் பாதி இடத்தில் நேரடி விதைப்பாகிவிட்டது என்பதால் பெண்களின் வேலை நாள் முன்பிருந்ததைவிடக் குறைவு. (ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொள்வதற்குச் சித்திரைப் பிரசவத்தைத் தவிர்க்க என்று காரணம் சொல்வார்கள். பருவத்துக்கும் பிரசவத்துக்கும் முடிச்சு உண்டு என்று ஊருக்குத் தெரியும். ஐப்பசிப் பிரசவத்துக்கு மட்டும் எந்தப் பரிகாரமும் இல்லை.)

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஐப்பசியின் கடைசி நாள். முகாமில் நிறைமாதத்தோடு படுத்திருந்தவர்கள் இப்போதும் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவதைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோரம் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களில், ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கு மறுபடி கருக்குழாயை இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. அப்படி உண்டான கர்ப்பங்களில் சந்தோஷமும் துக்கமும் ஒரே வயிற்றில் இருந்தன. மனநல ஆலோசனை என்ற சொல்லை நாகை மீனவக் குப்பங்கள் பரவலாகக் கேட்டதே அந்தச் சமயத்தில்தான். பேரிடர் வந்தால் ஆலோசகர் வருவார், முகாமோடு கிளம்பிவிடுவார் என்றுதான் பல ஊர்களில் அதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சரி, கடனுக்கு வருவோம். கர்ப்பிணியின் மனநலம் என்று பேசத் தொடங்கி மைக்ரோ ஃபைனான்ஸில் வந்து நிற்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். குழுக் கடனின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. அடமானம் கிடையாது, பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூல்காரர் அவள் கட்டும்வரை குழுவையே கலையவிடாமல் உட்கார வைத்திருப்பார். ஆக அவளுக்கு நெருக்கடி கொடுப்பது கம்பெனி என்பதைவிட, நேற்றுவரை குழம்பு வாங்கிப்போன பக்கத்து வீட்டு அக்கா. மசக்கையில் ஊறுகாய் கொடுத்தவர்களே ஏழாம் மாதத்தில் முகம் திருப்பிக்கொண்டால் ஒருத்தி யாரிடம் போய்ப் பேசுவாள்? கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் தெருவுக்குள் நடக்கும் முகத் திருப்பலுக்குச் சட்டம் இல்லை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்குத் தவணையை நிறுத்தி வைப்பதைக் கடனின் விதியாகவே ஆக்கினால், அது பல ஆலோசனை அமர்வுகளுக்குச் சமம் என்பது என் கருத்து.

அதேபோலத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும். முதல் இரண்டு பிரசவத்துக்கு, பணமாக 14,000 ரூபாயும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. இதை உடம்புக்கான உதவி என்று மட்டும் பார்க்கிறோம். சரியான மாதத்தில் கணக்கில் ஏறும் தவணை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தூக்கம் கொடுக்கும் என்பதை, ஆதார் இணைப்பு சரியில்லை என்று வங்கிக்கும் சுகாதார நிலையத்துக்கும் மூன்று முறை அலைந்த ஒருத்தியைக் கேட்டால் சொல்வாள். பிக்மி நம்பர் ஒரு ஊரில், தாய்வீடு இன்னொரு மாவட்டத்தில், வங்கிக் கணக்கு கல்யாணத்துக்கு முந்தைய பெயரில். வெளியிலிருந்து பார்க்க எழுத்து வேலைதான். அவளுக்கு அது நடுராத்திரி மூணு மணி விழிப்பு.

தாய்வீடு என்றதும் இன்னொன்று. முதல் பிள்ளைக்கு வளைகாப்பு, கட்டுச்சாதம், அம்மா வீட்டில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ படுக்கை, கைவேலைக்குத் தங்கை. நம் ஊர் மரபில் இருக்கும் பெரிய மனநல மருந்து இது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது பிள்ளைக்கு இந்த மருந்து கிடையாது. மூத்ததை இடுப்பில் வைத்துக்கொண்டே பிரசவத்துக்குப் போய், ஐந்தாம் நாள் வந்து அடுப்பைப் பற்றவைப்பவள்தான் அதிகம். புருஷன் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பான். ஊரிலேயே இருந்து டாஸ்மாக்கிலிருந்து ஒன்பது மணிக்குத் திரும்புகிறவனாக இருந்தால், தூரத்தில் இருப்பவனே மேல் என்று சொல்லும் பெண்களும் உண்டு. அடி வாங்குவதை யாரும் முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார்கள். வாசல்படி தடுக்கிவிட்டதென்று சொன்னால் அட்டையிலும் வாசல்படிதான் ஏறும். அங்கன்வாடியில் நடத்தும் சமுதாய வளைகாப்பில் சாதி, வசதி பார்க்காமல் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து வளையல் போட்டுக் கலவைச் சாதம் போடுகிறார்கள். அருமையான ஏற்பாடு. பிரமுகர் வரும்வரை நிறைமாதக்காரிகளைக் காக்கவைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை அவர்களையே பேசவிட்டுக் கேட்டால் இன்னும் அருமை.

கேட்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. மனச்சோர்வைக் கண்டறிய எடின்பர்க் அளவுகோல் என்று பத்துக் கேள்விகள், 1987-ல் வந்தது. மதிப்பெண் ஏற ஏறச் சோர்வு அதிகம் என்று பொருள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகையாக வந்ததா, தன்னையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்று போகும். இதை அப்படியே தமிழாக்கினால் போதாது. ஒரு கேள்வி இங்கிலாந்துக்காரர்களின் சொலவடையில் இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் ‘பொருள்கள் என் மேல் ஏறுகின்றன’ என்று வந்து நிற்கும். வேலூர்ப் பக்கம் கிராமப் பெண்களிடம் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 12, 13 மதிப்பெண்ணை எல்லையாக வைத்திருந்தால், இங்கே 8, 9-லேயே கவனிக்க வேண்டும் என்றது அது. நம் பெண்கள் குறைத்துச் சொல்கிறார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ‘எப்பவாவது’ என்று அவள் சொன்னால் ‘அடிக்கடி’ என்று எழுதிக்கொள்ளலாம் போல.

பத்துக் கேள்வி கேட்கச் செவிலியருக்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர். தடுப்பூசி, கணக்கெடுப்பு, கணினிப் பதிவு எல்லாம் ஒரே ஆள் தலையில். இன்னொரு கட்டத்தைச் சேர்த்தால் அவர் மனசுக்குத்தான் ஆலோசனை தேவைப்படும். அதனால் எல்லோரிடமும் இரண்டே கேள்வி போதும் என்ற பக்கம் நான் சாய்கிறேன். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு கலங்கியே இருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் மட்டும் பத்துக் கேள்வி. கேரளத்தில் ‘அம்மா மனசு’ என்ற பெயரில் கர்ப்ப காலத்திலேயே மனநிலையைக் கேட்டறிவதை அரசுத் திட்டமாகவே நடத்துகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் நடப்பது இங்கே நடக்காததற்குக் காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

கேட்ட பிறகு என்ன செய்வது? பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் நிலைமைக்கு மிகக் கிட்டமாக இருக்கிறது. மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர், மனச்சோர்வு இருந்த 903 கர்ப்பிணிகளில் பாதிப் பேரிடம் பேச ஆள் அனுப்பினார்கள், மனநல மருத்துவரை அல்ல. அங்கேயே வேலை பார்க்கும், பள்ளிப் படிப்பு முடித்த சுகாதாரப் பணிப்பெண்களைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒரு முறை, பிறந்த பிறகு முதல் மாதம் மூன்று முறை, அப்புறம் மாதம் ஒன்று. மனநோய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்க நாம் என்ன செய்யலாம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கு எந்த மாமியார் வேண்டாம் என்பார்? ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பெண்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது, வழக்கமான வருகை மட்டும் இருந்த மற்றவர்களில் 53 சதவீதம். 2008-ல் வெளியானது. குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை, ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது. பிறகு கோவாவில் இதையே சாதாரணக் குடும்பப் பெண்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். பலன் இருந்தது, ராவல்பிண்டி அளவுக்கு இல்லை. பேச்சு வேலை செய்கிறது, ஆனால் பேச்சு கடனைக் கட்டாது என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன்.

பேச்சு போதாத இடத்தில் மருத்துவர் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்ததே நம் திருச்சியில்தான், 1997-ல். இன்று எல்லா மாவட்டத்திலும் மனநல மருத்துவர் உண்டு, தஞ்சை, திருவாரூர், நாகை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் சின்ன விஷயமல்ல, ‘எதுக்குப் போற?’ என்று வீட்டில் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் ஆபத்து. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, வால்ப்ரோயேட் போலக் கூடவே கூடாதவையும் இருக்கின்றன. எது எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லவில்லை.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. பிரசவமாகி முதல் இரண்டு வாரத்துக்குள், ஆயிரத்தில் ஒருத்தி இரண்டு பேருக்கு, தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாத பேச்சு, குழந்தையையே சந்தேகமாகப் பார்ப்பது என்று திடீரென நிலை மாறும். வீட்டில் காத்து கருப்பு என்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கவைக்கலாம் என்பார்கள். சாமியைக் கும்பிட யாரும் தடுக்கவில்லை. திருக்கருகாவூர் கோயில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போகிற ஊர்தானே நாம். அதே மாதிரி இதற்கும் 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழந்தையோடு தனியாக விடக்கூடாது. சாகத் தோன்றுகிறது என்று ஒருத்தி வாய் திறந்து சொன்னாலும் இதே அவசரம்தான். திட்டக்கூடாது, சத்தியம் வாங்கக்கூடாது, வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டைவிட்டு அகற்றிவிட வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்குச் சேர்க்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனால் பிரசவம் முடிந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் போய்விடும். செவிலியரின் பிரசவப் பின்கவனிப்பு 42-ஆம் நாளோடு முடிகிறது, கணியம்பாடியில் மனச்சோர்வைத் தேடிப்போனது கிட்டத்தட்ட அதற்கு அப்புறம்தான், ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. நல்லவேளையாக அந்தச் சமயத்தில் அவளே நடந்து வருகிறாள், பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும், காய்ச்சல் ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க. அழுகிற பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டு அவள் அந்தப் பெஞ்சில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள்.